காசு கொடுத்துக் கைதாகும் ஊர்

விடுமுறைக்குப் பெங்களூர் வரும் கூட்டம் ஒரு காலத்தில் லால்பாக் கண்ணாடி மாளிகை, கப்பன் பூங்கா, விதான சௌதா வாசல் என்று வெளியிலேயே சுற்றிவிட்டு ஊர் திரும்பும். 2005-இல் பிடதியில் வொண்டர்லா திறந்தது. அதன்பின் ஒரு முழு நாள் தண்ணீரில் கழிந்தது. இப்போது அதே சென்னை, சேலம், கோவைக் குடும்பங்கள் கோரமங்களாவிலோ இந்திராநகரிலோ ஒரு மாடிக் கட்டடத்துக்குள் நுழைகின்றன. கைப்பேசிகளைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் அறைக்குள் அடைபட்டுக் கிடப்பதற்குப் பணம் கட்டுகின்றன.

எஸ்கேப் ரூம் என்றால் இதுதான். சிறை, வங்கிக் கொள்ளை, பேய் பங்களா, வெடிக்கப்போகும் குண்டு, புதையல் என்று கதைகள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக வேண்டும். ஒளித்து வைத்த துப்புகளைக் கண்டுபிடித்து, நம்பர் பூட்டுகளைத் திறந்து, கெடு முடிவதற்குள் வெளியே வர வேண்டும். கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் கேம் மாஸ்டர், குழு திணறினால் வாக்கி டாக்கியில் ஒரு ‘ஹின்ட்’ கொடுப்பார். பத்துப் பேர் சேர்ந்து வந்தால் முதல் தகராறு எந்தக் கதை என்பதில்தான். பையன்களுக்குப் பேய் வேண்டும், சித்தப்பாவுக்குச் சிறை வேண்டும், பாட்டிக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். இந்த விளையாட்டு எங்கே பிறந்து எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் அந்தத் தகராறு பாதி தீர்ந்துவிடும்.

பூட்டிய வீட்டிலிருந்து துப்பு வைத்துத் தப்பிக்கும் கதை நமக்குப் புதிதில்லை. மகாபாரதத்து வாரணாவதத்தில் புரோசனன் கட்டிய அரக்கு மாளிகைக்குப் பாண்டவர்கள் கிளம்பும்போது, மற்றவர்களுக்குப் புரியாதபடி விதுரர் தருமனிடம் பூடகமாகப் பேசி அனுப்புகிறார். பிறகு அவர் அனுப்பிய ஆள் வந்து ரகசியமாகச் சுரங்கம் தோண்டுகிறான். பாண்டவர்கள் தாங்களே தீ வைத்துவிட்டு அந்த வழியே வெளியேறுகிறார்கள். துப்பு, கெடு, ரகசிய வழி எல்லாம் அதில் இருக்கின்றன. அன்றிரவு அந்த வீட்டில் தூங்கிப்போன வேடப் பெண்ணும் அவளுடைய 5 மகன்களும் வழி தெரியாமல் வெந்துபோனதும் அதே கதையில்தான் இருக்கிறது. கதாகாலட்சேபங்களில் அந்தப் பகுதி வேகமாகக் கடந்துவிடும்.

இன்றைய வணிக வடிவத்துக்கு வேர் ஜப்பானில். 2004-இல் தோஷிமிட்சு தகாகி என்பவர் ‘கிரிம்சன் ரூம்’ என்ற கணினி விளையாட்டை இணையத்தில் விட்டார். சிவப்பு அறை ஒன்று, ஒரு கட்டில், சில பொருட்கள். ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சொடுக்கி வெளியேறும் வழியைத் தேட வேண்டும். இந்தியா உட்பட உலகெங்கும் அலுவலகக் கணினிகளில் அந்த வகை விளையாட்டுகள் பரவின. 2007-இல் கியோட்டோவில் ‘ஸ்க்ராப்’ என்ற இலவசப் பத்திரிகையை நடத்திவந்த தகாவோ காட்டோ அதைத் திரையிலிருந்து இறக்கி, நிஜ அறையில் நிஜ மனிதர்களை வைத்து நடத்தினார். தொடக்கத்தில் அது நிரந்தரக் கடை அல்ல. இடம் பிடித்து, டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சி. அங்கே அலங்காரத்தைவிடப் புதிர்தான் பெரிது. 2012-இல் அந்த நிறுவனமே சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜப்பான்டவுனில் ஆட்டத்தைத் தொடங்கியது.

ஐரோப்பாவில் கதை வேறு. 2011-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் அட்டிலா க்யுர்கோவிச் என்பவர் ‘பாராபார்க்’ தொடங்கினார். ஜப்பான் ஆட்டம் தமக்குத் தெரியாது என்பது அவர் கூற்று. மனிதன் ஒரு வேலையில் தன்னை மறந்து மூழ்கும் நிலையைப் பற்றி ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் எழுதியதுதான் அவருக்குத் தூண்டுகோல். புடாபெஸ்டில் அப்போது பாழடைந்த பழைய குடியிருப்புகள் ஏராளம்; அவற்றை மதுக்கூடங்களாக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. அப்படி ஒரு மதுக்கூடத்தின் நிலவறைதான் பாராபார்க்கின் முதல் இடம். ஈரச் சுவர், பழைய குழாய், மங்கிய விளக்கு. இடமே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது.

பெங்களூருக்கு 2010-களின் நடுவில் இந்தத் தொழில் வந்தபோது இரண்டு மரபும் சேர்ந்தே வந்தன. பிரேக்அவுட், மிஸ்டரி ரூம்ஸ் போன்ற பெயர்கள் ஊருக்குப் பழகின. வந்த இடமும் பொருத்தமான இடம். 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே கடை விரித்ததிலிருந்து வளர்ந்த மென்பொருள் தொழில், கூடவே ஒரு சடங்கையும் வளர்த்திருந்தது: டீம் அவுட்டிங். மேலாளரும் புதிதாகச் சேர்ந்த பையனும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச ஏதாவது ஒரு சாக்கு நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டது. பூட்டிய அறை அதற்குக் கச்சிதம். அதற்குச் சன்னல் வேண்டாம், கடைவீதி முகப்பும் வேண்டாம். வணிகத்துக்கு மாறிவிட்ட குடியிருப்புப் பகுதியின் மாடி வீடே போதும். வார நாளில் கம்பெனிக்காரர்கள், வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் குடும்பங்கள் என்று தொழில் இரண்டு காலில் நின்றது.

கதைகள் மட்டும் பெரும்பாலும் ஹாலிவுட்டிலிருந்தே வந்தன. அமெரிக்கச் சிறை, லண்டன் துப்பறிவாளர் வீடு, எகிப்தியக் கல்லறை. அடைபடுவதற்கும் தப்புவதற்கும் இந்த ஊர் தன் சொந்தக் கணக்கிலேயே நிறைய வைத்திருக்கிறது என்பதுதான் விசித்திரம்.

சிறைக் கதை வேண்டுமென்றால் சேஷாத்திரி சாலையில் உள்ள ஃப்ரீடம் பார்க்குக்குப் போகலாம். 1860-களில் எழுந்த பெங்களூர் மத்திய சிறை அது. நடுவே ஒரு காவல் கோபுரம், சுற்றிலும் அதன் பார்வைக்குள் விழும் கைதிக் கொட்டடிகள். 1975 ஜூன் 26 அன்று, நாடாளுமன்றக் குழு வேலையாக இந்த ஊருக்கு வந்திருந்த வாஜ்பாயும் அத்வானியும் நெருக்கடிநிலையில் கைதாகி இங்கேதான் அடைக்கப்பட்டார்கள். மறு ஆண்டு நாடக நடிகை ஸ்நேகலதா ரெட்டி இதே சிறைக்கு வந்தார். மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். ‘சம்ஸ்காரா’ படத்தின் நாயகி. கடும் ஆஸ்துமாவோடு 8 மாதங்கள் உள்ளே இருந்தார். 1977 ஜனவரி 15-ஆம் தேதி பரோலில் வெளிவந்தார்; ஐந்தாம் நாள், 20-ஆம் தேதி, இறந்துபோனார். 2000-த்தில் கைதிகள் பரப்பன அக்ரஹாராவுக்கு மாற்றப்பட்டார்கள். 2014-க்குப் பிறகு அந்தப் பெயரைத் தமிழ்நாட்டுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழைய சிறை 2008-இல் பூங்காவானது. கொட்டடிகளைப் பார்த்த பிறகு வாடகைச் சிறையின் பிளாஸ்டிக் கம்பி கொஞ்சம் கூச்சம் தரும்.

கோட்டைச் சிறை என்றால் இன்னும் பழைய கணக்கு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். பிடிபட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெய்லி 1782-இல் சிறையிலேயே செத்தார்; அவர் பெயர் தாங்கிய நிலவறையில், சங்கிலி கோக்கத் துளையிட்ட கற்பலகைகளை மைசூர் போகும் வழியில் இன்றும் பார்க்கலாம். அவரோடு பிடிபட்ட டேவிட் பெய்ர்டு 1784-இல் விடுதலையானார். 1799 மே 4-இல் அதே கோட்டையை உடைத்து நுழைந்த படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

நிஜமாகவே தப்பியவர் ஜேம்ஸ் ஸ்கரி. ஹானிபல் என்ற பிரிட்டிஷ் கப்பலில் இருந்த பதின்வயதுப் பையன். 1782-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, ஹைதரிடம் ஒப்படைக்கப்பட்டு, பெங்களூர் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய பத்தாண்டு சிறைவாழ்வுக்குப் பின் 1791-இல், கார்ன்வாலிஸ் படையெடுத்து வந்த குழப்பத்தில் தப்பினார். அவருடைய அனுபவம் 1824-இல், அவர் இறந்த பிறகு, புத்தகமானது. அந்த 1791-இல் மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டையும் விழுந்தது. சுவர் உடைபட்ட இடத்தைச் சொல்லும் கல்வெட்டு கே.ஆர். மார்க்கெட் அருகே மிச்சமிருக்கும் கோட்டைத் துண்டில் இருக்கிறது. இத்தனை சரக்கு கையருகே இருக்கும்போது எகிப்து வரை போவானேன்?

பேய் பங்களாவுக்கும் ஊரில் ஆள் உண்டு. ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே துப்பறியும் தொடர்கள் எழுதிய சுஜாதா, ‘கொலையுதிர் கால’த்தில் கணேஷையும் வசந்தையும் ஒரு பழைய வீட்டுக்கு அனுப்பி, பேயா விஞ்ஞானமா என்று வாரா வாரம் வாசகர்களைத் தவிக்கவிட்டார். ஹோலோகிராம் என்ற சொல்லைப் பல தமிழர்கள் முதலில் கேட்டது அந்தத் தொடரில்தான். அதை ஓர் அறையாக்க ஒரு பெங்களூர்த் தமிழருக்காவது தோன்ற வேண்டும்.

இனி, விடுமுறைக்கு வந்த அந்தப் பத்துப் பேரின் தகராறு. கனடாவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்காட் நிக்கல்சன் 2015-இல் உலகெங்கும் 175 எஸ்கேப் ரூம் நிறுவனங்களிடம் விசாரித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு குழுவில் சராசரியாக நாலைந்து பேர்; பத்துக் குழுவில் ஏறக்குறைய நான்குதான் கெடுவுக்குள் வெளியே வருகின்றன. பத்துப் பேரும் ஒரே அறைக்குள் போனால் நால்வர் விளையாடுவார்கள், மீதிப் பேர் சுவரில் சாய்ந்து நிற்பார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. இரண்டு குழுவாகப் பிரிந்து ஒரே நேரத்தில் இரண்டு அறை எடுப்பதே சரி. யார் முதலில் வருவது என்ற போட்டியும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது புதிர்களின் அமைப்பு. சில அறைகளில் ஒரு புதிர் தீர்ந்தால்தான் அடுத்தது திறக்கும். சிலவற்றில் பல புதிர்கள் ஒரே சமயத்தில் திறந்தே கிடக்கும்; ஆளுக்கு ஒரு மூலையில் உட்காரலாம். குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த கூட்டத்துக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும். முதல் வகையில் கெட்டிக்காரர் ஒருவரே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார். புக் செய்யும்போது கேட்டால் சொல்லிவிடுவார்கள். துப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், எழுத்தைவிடப் படம், எண், பொருள், சத்தம் என்று ஓடும் கதையைப் பாட்டிகள் இருக்கும் குழு கேட்டு வாங்கலாம். இருட்டில் நிஜ நடிகர் பாய்ந்து வரும் பேய் அறை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அது புதிராட்டமே இல்லை.

கடைசியாகக் கவனிக்க வேண்டியது கதவு. உண்மையில் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான்.

2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரத்தில் ஒரு தோழியின் பிறந்தநாளுக்காக எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயதுப் பெண்கள் 5 பேர் வெளியே வரவே இல்லை. வரவேற்புப் பகுதியில், வெப்பமூட்டியின் எரிவாயு கசிந்து தீப்பிடித்தது. வெளியேறும் வழி அந்தப் பக்கம்தான். உள்ளே புகுந்த நச்சுப்புகையில் அவர்கள் இறந்தார்கள். அதன்பின் போலந்து முழுக்க எஸ்கேப் ரூம்களில் சோதனை நடந்தது. பல அறைகள் மூடப்பட்டன.

நம் பக்கத்திலும் பாடங்கள் குறைவில்லை. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையின் கார்ல்டன் டவர்ஸ் தீ விபத்தில் 9 பேர் இறந்தார்கள். புகை நிறைந்த மாடிகளிலிருந்து இறங்க வழியில்லாமல் சிலர் கீழே குதித்தார்கள். 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் ஒரு கேம் ஸோன் எரிந்து, குழந்தைகள் உட்பட 27 பேர் மாண்டார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்த இடத்துக்கு இல்லை.

நல்ல அறைகளில் கதவு பூட்டியதுபோல் தெரியுமே தவிர, உள்ளே இருப்பவர் நினைத்தால் திறந்துவிடும். காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும். கரண்ட் போனால் தானே விட்டுவிடும். பெங்களூரின் மின்வெட்டுகூட இங்கே உதவிக்கு வரும். அதோடு, அவசரத்துக்கு அழுத்த ஒரு பொத்தான் கதவோரம் இருக்க வேண்டும். வெளியேறும் கதவைச் சாவி இல்லாமல் உள்ளிருந்தே திறக்க முடிய வேண்டும் என்று இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது.

ஆகவே, பேயா சிறையா என்று குலுக்கிப்போடும் முன், பணம் கட்டும் மேசையிலேயே மூன்று விஷயம் கேளுங்கள்: கதவை உள்ளிருந்து எப்படித் திறப்பது, மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு எங்கே, தீயணைப்புத் துறைச் சான்று இருக்கிறதா. பொத்தானை ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில், கதை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், குடும்பத்தோடு திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த தெருவில் வேறு அறை கிடைக்கும்.