லீக்கோ அடுப்பும் பெல்லட் அடுப்பும்

நெய்வேலி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு மின்சாரம். கடலூர், சிதம்பரம் பக்கத்தில் என் வயதை ஒத்தவர்களுக்கு அது அடுப்புக் கரியும் கூட. லீக்கோ என்போம், சிலர் லெக்கோ என்பார்கள். கைக்குள் அடங்கும் கறுப்புக் கட்டி. மூட்டையாகவும் கிலோக் கணக்கிலும் கரிக்கடையில் கிடைக்கும். அது எப்படி வந்தது, ஏன் போனது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

1935-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு ஏதோ கறுப்பாக வந்தது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1956-ல் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே அனல்மின் நிலையமும் ஓடத் தொடங்கியது. ஆனால் அன்றைய திட்டம் மின்சாரத்தோடு நிற்கவில்லை. யூரியா ஆலையும் அடுப்புக் கரி ஆலையும் சேர்ந்ததுதான் முழுத் திட்டம். தமிழ்நாட்டில் கறுப்பு நிலக்கரி கிடையாது. வீடுகளில் எரிகிற விறகுக்காகக் காடு அழிந்துகொண்டிருந்தது. அதற்கு மாற்று வேண்டும் என்ற நினைப்பில் பிறந்ததுதான் லீக்கோ.

தோண்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அப்படியே அடுப்பில் போட்டால் புகை கண்ணைப் பறிக்கும். அதை உலர்த்தி, இயந்திரத்தில் அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சூடேற்றிப் புகையை முன்னதாகவே பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவது லீக்கோ. இந்தக் கட்டிக்கு பிரிக்கெட் என்று பெயர். புதுவையில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்தச் சொல் முதலில் கேட்டதுமே புரிந்துவிட்டது. பிரெஞ்சில் 'பிரிக்' என்றால் செங்கல், 'பிரிக்கெத்' சின்னச் செங்கல். ஆபீஸில் இதைச் சொன்னபோது யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கடலூரில் வேலை, சிதம்பரத்தில் குடித்தனம். நானும் மனைவியும் ஒரு குழந்தையும். வாடகை போர்ஷன். சுவர் கறுத்துவிடும் என்று விறகு எரிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். கேஸுக்குப் பதிந்து வைத்தால் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ரேஷன் அளவுதான், அதற்கும் வரிசை. மீதி என்ன இருந்தது? நெல் விளைகிற ஊர் என்பதால் ரைஸ்மில் உமி மலிவு, உமி அடுப்பு பல வீடுகளில் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோட்டை எரிப்பார்கள். அதன் எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகிவிடும், புகையும் காரம். சமையலறைக்கு ஆகாது. மரத்தூள் அடுப்பு இன்னொன்று. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடித்து நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டுக் கீழே பற்ற வைப்பது. நன்றாகவே எரியும். ஆனால் பற்ற வைத்தால் வைத்ததுதான். பாதியில் அணைக்கவோ தணிக்கவோ வழியில்லை. மூன்று பேர் சமையல் முடிந்த பிறகும் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அதனால் லீக்கோ என்று முடிவு. தகர உடம்பு, உள்ளே மண் பூச்சு, நடுவில் இரும்புச் சல்லடை, அடியில் காற்று வர வாய். கடைக்காரர் பெரியதைக் காட்டினார், நாளைக்குக் குடும்பம் பெருகும் என்றார். உடன் வந்த மாமியார் சின்னதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. லீக்கோ லேசில் பற்றாது. கொட்டாங்கச்சி நெருப்பு வைத்து, வாசலில் நிறுத்தி விசிற வேண்டும். பற்றிக்கொண்டால் மணிக்கணக்கில் கனன்று நிற்கும். டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் அது பெரிய வரம். சின்னக் குடும்பத்துக்கு அதுவே தொல்லை. பெரிய அடுப்பில் கால்வாசி கரி போட்டால் சூடு பாத்திரத்துக்கு எட்டாது, நிறையப் போட்டால் பாதி வீணாகும். சின்ன அடுப்பிலேயே நாங்கள் வரிசை வைத்துக்கொண்டோம். முதலில் சாதம், பிறகு குழம்பு, பால், கடைசியில் குளிக்கிற வெந்நீர். அப்புறமும் மிஞ்சும் கங்கைப் பானையில் போட்டு மூடி அணைத்தால் மறுநாள் பற்றவைக்க ஆகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று பலர் நினைத்தார்கள். கரி கனலும்போது வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மார்கழிக் குளிருக்கு அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தால் எழுந்திருக்கமாட்டோம். எங்கள் வீட்டில் ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும்.

கேஸ் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் லீக்கோவைக் கேட்பவர் குறைந்தார்கள். நெய்வேலியின் அந்தக் கரி ஆலையும் பின்னால் மூடப்பட்டது. எங்கள் அடுப்புக்கு ஒரு குறையும் இல்லை. சல்லடை கூட வளையவில்லை. அதில் போடத்தான் கரி இல்லை. பரணுக்குப் போனது.

இதே கதை இன்னொரு தடவையும் நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் ஒரு பெல்லட் அடுப்பை வடிவமைத்துக் கொடுக்க, 2006 வாக்கில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனி அதை 'ஊர்ஜா' என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் விற்றது. பெல்லட் என்பது விவசாயக் கழிவை அரைத்து அழுத்திய சின்னச் சின்னக் குச்சித் துண்டு. அடுப்புக்குள் பேட்டரியில் ஓடும் குட்டி விசிறி. 600 கிராம் போட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதிகப் புகை இல்லாமல் எரியும். சின்னக் குடும்பத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. நான்கு லட்சம் அடுப்பு வரை விற்றதாம். பிறகு கரும்புச் சக்கை போன்ற கழிவுகளுக்கே போட்டி வந்து விலை ஏறியது, பெல்லட் விலையும் ஏறியது. 2009-ல் கம்பெனி கை மாறியது. பெல்லட் கட்டுப்படியாகாத வீடுகளில் அடுப்பு மூலைக்குப் போனது. விறகு என்றால் எந்தக் கொல்லையிலும் பொறுக்கலாம். பெல்லட்டுக்கு அந்தக் கம்பெனியை விட்டால் வேறு கதி இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் போன வருஷம் போனில், "பெரியப்பா, பெல்லட் கிரில் வாங்கப் போறேன், நாங்க மூணே பேர், எந்த சைஸ் எடுக்கட்டும்?" என்றான். ஓரிகன் மாநிலத்தில் ட்ரேகர் என்பவர் எண்பதுகளில் செய்த கருவி அது. மரத்தூள் பெல்லட்டை ஒரு திருகு தள்ளிக்கொண்டே போகும், மின் கம்பி பற்றவைக்கும், விசிறி ஊதும். சூட்டை எண்ணில் வைத்துவிட்டு நாம் உட்காரலாம். எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எங்களுக்கு நாள் கணக்கில் கரண்ட் இல்லை, சிலிண்டர் வண்டியும் வரவில்லை. பரணிலிருந்த லீக்கோ அடுப்பை இறக்கி, விழுந்த மரத்தின் சிராய்களைப் போட்டுத்தான் கஞ்சி வைத்தோம்.

அங்கே நிலைமை வேறு என்றான். மர அறுவை ஆலைகள் ஏராளம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் பெல்லட் எரிக்கிறார்கள், கிரில்லுக்கு என்று தனி பெல்லட்டைப் பல கம்பெனிகள் செய்கின்றன, எதுவும் எந்த கிரில்லிலும் எரியும் என்றான். அப்படியானால் வாங்கு என்றேன். சைஸுக்கு மாமியார் சொன்னதைத்தான் சொன்னேன். ஈரம் பட்டால் பெல்லட் உப்பித் தூளாகித் திருகை அடைத்துவிடும் என்பதையும் விசாரித்துச் சொன்னேன். சின்னதையே வாங்கியிருக்கிறான். பெல்லட் மூட்டையை காரேஜில், தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி வைத்திருப்பதாகப் போட்டோ அனுப்பினான்.