எந்தப் பேப்பர் நிஜம்?

கோவைப் பக்கம் ஓர் ஆலைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் இலக்கியம் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு தோழர் கேட்டார்: "பேப்பர்ல லாபம்னு ரிசல்ட் போட்டிருக்கான். வரி ஆபீஸ்ல நட்டம்னு எழுதிக் குடுத்திருக்கானாம். தீபாவளிக்கு போனஸ் கேட்டா சட்டப்படி உபரியே இல்லைங்கறான். எந்தப் பேப்பருங்க நிஜம்?"

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்தால், நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். ஒரு வருஷத்து உழைப்பைப் பற்றி மூன்று பிரதிகள். மூன்றுக்கும் மூன்று வாசகர்கள். எந்தப் பிரதி யாருக்காக எழுதப்படுகிறது, யாருக்கு எதைக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது என்பது வாசிப்பின் அரசியல் அன்றி வேறென்ன?

கடைவீதியில் ஒண்ணாம் நம்பர் கணக்கு, ரெண்டாம் நம்பர் கணக்கு என்பார்கள். ரெண்டாம் நம்பர் ரகசியம், பிடிபட்டால் குற்றம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியின் விஷயம் வேறு. அதன் கணக்குகள் எல்லாமே ஒண்ணாம் நம்பர்தான். எல்லாவற்றிலும் ஆடிட்டர் கையெழுத்து உண்டு. காரணம், பங்குதாரருக்கான லாபத்தை 1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமும் அரசுக்கான லாபத்தை 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டமும் தனித்தனியே வரையறுத்தன.

1990களின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி 100 கோடி ரூபாய்க்கு எந்திரம் வாங்குகிறது. வருஷம் முழுக்க ஒரு ஷிஃப்ட் ஓட்டுகிறது. தேய்மானம் கழிக்கும் முன் லாபம் 25 கோடி. கம்பெனிகள் சட்டத்தின் நேர்கோட்டு முறையில் பொது எந்திரத்துக்குத் தேய்மானம் 4.75 சதவீதம். ஆக, பங்குதாரருக்குக் காட்டும் லாபம் 20.25 கோடி. வருமானவரியில் அதே எந்திரத்துக்குத் தேய்மானம் 25 சதவீதம். ஆக, அரசுக்குக் காட்டும் லாபம் பூஜ்யம். ஒரே எந்திரம்தான், ஒரு சட்டத்தில் மெல்லத் தேய்கிறது, இன்னொன்றில் வேகமாகத் தேய்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. இதற்கு மேல் 1974 முதல் பின்தங்கிய மாவட்டச் சலுகை, 1976இல் முதலீட்டுப் படி, 1983இல் ஏற்றுமதிச் சலுகை என்று அரசே கதவுகளைத் திறந்துவிட்டது.

இதெல்லாம் ஒத்திவைப்புதானே, இன்றைக்குக் கழித்ததை நாளைக்குக் கழிக்க முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வருஷா வருஷம் புது எந்திரம் வாங்கிக்கொண்டே போகிற கம்பெனிக்கு அந்த நாளை வருவதே இல்லை.

கம்பெனிகள் சட்டம் தேய்மானத்துக்கு இரண்டு முறைகளை அனுமதித்தது: ஒன்று லாபத்தைக் கூட்டிக் காட்டும், இன்னொன்று ஆரம்ப வருஷங்களில் குறைத்துக் காட்டும். எதைத் தேர்வது? இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உடைமை வடிவம். குடும்பத்துக்குள் அடங்கிய கம்பெனிக்கு வாசகர் ஒருவர்தான், வரி அதிகாரி. லாபம் குறைவாகத் தெரிந்தால் நல்லது. பட்டியலிட்ட கம்பெனிக்குச் சந்தை என்ற இன்னொரு வாசகர் உண்டு. அவருக்கு லாபம் ஏறிக்கொண்டே போக வேண்டும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் பல வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தம் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. அவை பங்குகளை விற்றன. நடுத்தர வர்க்கம் வாங்கியது. 1977இல் ரிலையன்ஸ் பொதுமக்களிடம் வந்தது. 1980களில் அதன் பங்குதாரர் கூட்டத்தை பம்பாயில் மைதானத்தில் நடத்த வேண்டியிருந்தது. மைதானம் நிறைந்த வாசகர்களுக்கு லாபமும் டிவிடெண்டும் சொல்லப்பட்டன. வரி ஏடுகளில் அதே கம்பெனி 'பூஜ்ய வரிக் கம்பெனி' என்று பெயர் பெற்றது. சட்டத்துக்கு உட்பட்டே பெற்றது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அரசு தாமதமாக விழித்துக்கொண்டது. 1983இல், சலுகைகள் எத்தனை இருந்தாலும் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அவற்றைக் கழிக்கக் கூடாது என்றது. போதவில்லை. 1987இல் பிரதமர் ராஜீவ் காந்தியே நிதியமைச்சராக இருந்து வைத்த பட்ஜெட்டில் 115ஜே என்ற பிரிவு வந்தது. அதன் சாரம் எளிது: பங்குதாரருக்கு நீ எழுதும் ஏட்டை நானும் வாசிப்பேன், அதில் உள்ள லாபத்தில் 30 சதவீதமாவது வரிக்குரிய வருமானம். 1990இல் மது தண்டவதே இதை விலக்கினார். 1996இல் ப. சிதம்பரம் குறைந்தபட்ச மாற்று வரி என்று திரும்பக் கொண்டுவந்தார். அன்றைய 40 சதவீத விகிதத்தில், மேல்வரி நீங்கலாக, ஏட்டு லாபத்தில் 12 சதவீதம். நம் உதாரணக் கம்பெனி 2.43 கோடி கட்ட வேண்டும். 2000இல் யஷ்வந்த் சின்ஹா ஏட்டு லாபத்தின் மீதே 7.5 சதவீதம் என்று மாற்றினார். 2011 வாக்கில் அது 18.5 சதவீதம் ஆனது.

புது வாசகர் வந்ததும் பிரதியும் மாறத் தொடங்கியது. அப்பல்லோ டயர்ஸ் வழக்கு இதற்கு நல்ல சாட்சி. கம்பெனி, முந்தைய வருஷங்களில் கழிக்காமல் விட்ட தேய்மானப் பாக்கியை லாப நட்டக் கணக்கில் சேர்த்துக் கழித்தது. ஏட்டு லாபம் குறைந்தது. வரி அதிகாரி ஒப்பவில்லை. 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கம்பெனிகள் சட்டப்படி தணிக்கை செய்யப்பட்ட கணக்குக்குப் பின்னால் போய்த் துருவ அதிகாரிக்கு அதிகாரம் இல்லை, சட்டப் பிரிவே பட்டியலிட்ட கூட்டல் கழித்தல்களை மட்டும் செய்யலாம். அதாவது, வாசிக்கலாம், கேள்வி கேட்கக் கூடாது.

இனி மூன்றாவது வாசகர், நம் தோழர். 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போனஸுக்கு ஒரு சூத்திரம் வகுத்தது. இயல்பான தேய்மானத்தைக் கழிக்கலாம், வரிச் சட்டம் தரும் கூடுதல் தேய்மானச் சலுகைகளைக் கழிக்கக் கூடாது என்பது அதன் நிலை, 1959இல் ஏ.சி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 1965இல் வந்த போனஸ் சட்டம் இதைப் புரட்டிவிட்டது. அதன் 6ஆவது பிரிவுப்படி வருமானவரிச் சட்டம் அனுமதிக்கும் தேய்மானத்தையே கழித்து உபரி கணக்கிடப்பட்டது. நம் உதாரணத்தில் என்ன ஆகும்? பங்குதாரருக்கு 20.25 கோடி லாபம். தொழிலாளிக்குப் பங்கிட உபரி பூஜ்யம். ஆகவே குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். உச்சவரம்பான 20 சதவீதம் பக்கத்தில்கூடப் போக முடியாது. தொழிற்சாலைக்கு உற்சாகமூட்ட அரசு விட்டுக்கொடுத்த வரியின் நிழல், தொழிலாளியின் போனஸ் மீதும் விழுந்தது. 1987இல் அரசு தனக்கென்று எடுத்துக்கொண்ட உரிமை, அதாவது பங்குதாரரின் ஏட்டைக் காட்டிப் பங்கு கேட்கும் உரிமை, தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, தணிக்கை செய்த கணக்கைச் சரியென்றே அனுமானிக்கலாம், கம்பெனி அதை நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. தொழிற்சங்கம் விளக்கம் கேட்கலாம், அவ்வளவுதான்.

அந்த அனுமானத்தின் தரம் என்ன? 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் சொன்னது. ஏட்டில் இருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி இல்லவே இல்லை. 2008 செப்டம்பர் காலாண்டில் 649 கோடி என்று காட்டிய லாபம் உண்மையில் 61 கோடி. ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. இங்கே ஏமாற்று தலைகீழ்: இல்லாத லாபத்தைக் காட்டி, அதற்கு வரி விதிக்கப்பட்டு, பொய் வருமானத்துக்கு வரி கூடாதென்று நிறுவனம் பின்னாளில் வழக்காட வேண்டிவந்தது. வரியைக் கொடுத்தாவது சந்தையைத் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது. எந்த வாசகர் பெரியவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2019 செப்டம்பரில் அரசு, சலுகைகளைக் கைவிடும் கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாக்கி, குறைந்தபட்ச மாற்று வரியிலிருந்தும் விலக்கு அளித்தது. 2023-24இல் கம்பெனி வரி வசூல் சுமார் 9.1 லட்சம் கோடி. தனிநபர் வருமான வரி அதைவிட ஒரு லட்சம் கோடிக்கு மேல் அதிகம். சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுகிறவருக்கு ஒரே ஏடுதான். தேய்மானம் அவருக்குக் கிடையாது, உடம்பு தேய்ந்தாலும். 2025 நவம்பரில் போனஸ் சட்டத்தின் இடத்துக்கு ஊதியத் தொகுப்புச் சட்டம் வந்தது, 8.33, 20 என்ற வரம்புகள் அப்படியே தொடர்கின்றன.

தோழருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லலாம். மூன்று பேப்பரும் சட்டப்படி நிஜம்தான். ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. 2001 முதல் பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் 'ஒத்திவைத்த வரி' என்ற குறிப்பு கட்டாயம். இன்றைக்குக் கட்டாத, பின்னால் வரக்கூடிய வரியின் கணக்கு அது. அதில் ஏட்டுத் தேய்மானத்துக்கும் வரித் தேய்மானத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வந்த தொகை தனியாகவே இருக்கும். அடுத்த தீபாவளிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள் தோழர். சட்டம் அந்தத் தொகையில் பங்கு தராது. ஆனால் "உபரியே இல்லை" என்று சொல்கிறவர் அந்தக் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கும்.