மணல் தீர்மானித்த ஆறு: முக்கொம்பு முதல் கல்லணை வரை

கல்லணையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கல்லைப் பற்றியே எழுதுகிறார்கள். காவிரி டெல்டாவின் பாசன வரலாற்றை நடத்திச் சென்றதோ மணல். ஆறு எங்கே அரிக்கிறது, எங்கே படிய வைக்கிறது என்பதை ஒட்டித்தான் இங்கே ஒவ்வொரு கட்டுமானமும் எழுந்திருக்கிறது.

குடகு மலையில் தொடங்கி மேட்டுநிலத்தை அரித்து வரும் காவிரி, திருச்சியை நெருங்கும்போது சமவெளி ஆறாகிவிடுகிறது. சரிவு குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமை இறங்கும். பருமணல் முதலிலும், மென்வண்டல் கீழே தொலைவிலும் படியும். தஞ்சை நிலம் இப்படிப் படிந்து உருவானதுதான். ஆனால் வயலை வளர்க்கும் அதே படிவு ஆற்றின் தரையையும் உயர்த்துகிறது. தரை உயர்ந்த ஆறு பக்கத்தில் பள்ளம் கிடைத்தால் அதில் இறங்கிவிடும்.

அந்தப் பள்ளம் இங்கே கொள்ளிடம். முக்கொம்பில் பிரியும் இரு கிளைகளும் ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிவந்து, தீவின் கிழக்கு முனையில் மீண்டும் நெருங்குகின்றன. வடகிளையான கொள்ளிடத்தின் தரை தாழ்ந்தது. அது கடலுக்குப் போகும் வழியும் நேரானது. தென்கிளையான காவிரியின் நீர், உள்ளாறு என்னும் இணைப்பு வழியே கொள்ளிடத்தில் சரிந்துவிடக் காத்திருந்தது. அதைத் தடுக்கத்தான் கல்லணை. ஆற்றை மறித்து நீர் தேக்கும் அணையன்று அது. காவிரியைக் காவிரியிலேயே வைத்திருக்கும் தடுப்பு.

கரிகாலன் கட்டியது என்பது மரபு. சோழர் காலத் திருவாலங்காட்டுச் செப்பேடு கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்ததைத்தான் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆய்வாளர் சற்று நிதானிப்பது நல்லது. கட்டியவர் யாராயினும், கட்டிய முறையில் ஐயமில்லை. ஏறத்தாழ 329 மீட்டர் நீளத்துக்கு, ஆழம் காண முடியாத மணல்மீது, கரடுமுரடான கற்களைக் களிமண்ணோடு சேர்த்து அமிழ்த்தியிருக்கிறார்கள். அரிப்பில் கல் இறங்க இறங்க, அடித்தளம் இறுகியது. மணலில் அடித்தளம் போடும் இந்த வித்தையை இங்கேதான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

1799-இல் தஞ்சை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது, காவிரித் தலைப்பு தூர்ந்து கிடந்தது. இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நோய். நீர் குறைந்த கிளையில் ஓட்டம் தளரும்; தளர்ந்தால் மணல் இன்னும் படியும்; படிந்தால் நீர் இன்னும் குறையும். 1804-இல் ஆய்வுக்கு வந்த கேப்டன் கால்டுவெல், கல்லணையின் முகட்டை 0.69 மீட்டர் உயர்த்தச் செய்தார். கசிந்து ஓடும் நீரை அது மிச்சப்படுத்தியது. ஆனால் திறப்பே இல்லாத சுவரை உயர்த்தினால் அதன் பின்னே மணலும் உயரும். காட்டன் அந்தச் சுவரில் மணற்போக்கிகளை அமைத்தது இதற்கான மருந்து. அடியில் திறந்துவிட்டால் பாயும் நீரே தூர் வாரிவிடும்.

அவருடைய பெரிய முடிவு, சிக்கலை அதன் தலையிலேயே பிடித்தது. 1836-இல் பணி தொடங்கி, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. அணைக்கரையில் கீழணையும் வந்தது. விளைவு எதிர்பார்த்ததற்கு மேலேயே போயிற்று. நூற்றாண்டுகளாகத் தூர்ந்துகொண்டிருந்த காவிரி இப்போது அரிக்கத் தொடங்கியது. தரை தோண்டப்பட்டு, தலைப்பு அகன்றது. வெள்ளம் முழுவதும் தென்கிளையிலேயே புகுந்துவிடுமோ என்ற அச்சம் எழ, 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தினார்கள். காவிரித் தலைப்பில் தரைமட்டத்துக்கு ஒரு தடுப்புச் சுவரும் போட்டார்கள். பத்தாண்டுக்குள் நோய் தலைகீழானது இந்த வரலாற்றின் மிக முக்கியமான பக்கம் என்பது என் கருத்து. ஆற்றில் ஓரிடத்தில் கைவைத்தால் மணல் வேறிடத்தில் கணக்குத் தீர்க்கும் என்பதை அன்றைய பொறியாளர்கள் கண்முன்னே பார்த்தார்கள்.

அடுத்த மாற்றம் மேட்டூர். 1934-இல் அணை நிறைவடைந்தபின், மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. அணையிலிருந்து சுமையின்றி இறங்கும் நீர் தன் படுகையையே அரிக்கும். அதன்மேல் கட்டடங்களுக்காக ஆற்றுமணல் அள்ளப்பட்டது. அள்ளிய மணலுக்கு ஈடாகப் புதுமணல் வரவில்லை. பாலத்தூண்களின் அடிப்பகுதி வெளியே தெரியும் அளவுக்குக் கொள்ளிடத்தின் தரை இறங்கியது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் 45 ஷட்டர்களில் 9 வெள்ளத்தோடு போயின. மணல் அள்ளியதுதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழமைக்கும் பெருவெள்ளத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். தரை இறங்கிப்போன ஆற்றில் எந்த அடித்தளமும் பலவீனப்படும் என்பதில் மட்டும் வேறுபாட்டுக்கு இடமில்லை.

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பும், உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் காவிரி நீரை டி.எம்.சி. கணக்கில் பங்கிட்டன. நீரை மட்டும் கணக்கிட்டால் போதாது; காவிரி, கொள்ளிடம் தரைமட்டத்தையும் முக்கொம்பு முதல் கடல்வரை ஆண்டுதோறும் அளந்து, கடைமடை விவசாயி பார்க்கும்படி நீர்வளத் துறை வெளியிட வேண்டும்.