கைதட்டல் ஓய்ந்த பின்



கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நமக்கு விருத்தாசலம் தொலைவூர் அன்று. நம் மாவட்டத்தைச் சேர்ந்த அந்தத் தொகுதிதான் நடிகர் விஜயகாந்தை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் உயர்ந்த விதத்தையும் தாழ்ந்த விதத்தையும் இந்த வாரம் சற்றுச் சிந்திப்போம்.

1952-ஆம் ஆண்டு பிறந்த விஜயராஜ், மதுரையில் அரிசி ஆலை நடத்திய குடும்பத்தின் மகன். திரையில் விஜயகாந்த் ஆனார். 1991-இல் வெளிவந்த அவரது நூறாவது படமான ‘கேப்டன் பிரபாகரன்’ அவருக்கு ஒரு பட்டத்தையும் அளித்தது. நடிகர் சங்கத் தலைவராயிருந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைநிகழ்ச்சிகள் நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். படப்பிடிப்பில் நாயகனுக்கு வைக்கும் அதே உணவைக் கடைசித் தொழிலாளிக்கும் வைக்க வேண்டும் என்பது அவர் விடாப்பிடியாகக் கடைப்பிடித்த வழக்கம்.

2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிகவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சி தனித்து நின்று 8 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பெற்றது. ஆயினும் வென்ற இடம் ஒன்றே. பாமகவின் கோட்டையாகக் கருதப்பட்ட விருத்தாசலமே அந்த இடம். 2011-இல் அதிமுகவுடன் கூட்டுச் சேர்ந்து 41 இடங்களில் நின்று 29-இல் வென்றது. திமுகவுக்குக் கிடைத்தவை 23 மட்டுமே. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். கட்சிக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை!

ஏறிய வேகத்திலேயே இறக்கமும் வந்தது. 2012 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் மூண்ட மோதலோடு கூட்டணி முறிந்தது. உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினர். 2014 மக்களவைத் தேர்தலில் போட்டியிட்ட 14 இடங்களிலும் தோல்வி. 2016-இல் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக நின்றவர், உளுந்தூர்பேட்டையில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு வைப்புத்தொகையையும் இழந்தார்.

கடல் கடந்த பிலிப்பைன்ஸிலும் இப்படியொரு வரலாறு உண்டு. ஏழைகளின் காவலனாகத் திரையில் தோன்றிய ஜோசப் எஸ்ட்ராடா 1998-இல் அதிபரானார். 2001 ஜனவரியில் மக்கள் எழுச்சியால் மாளிகையை விட்டு வெளியேறினார். 2007-இல் பொதுச்செல்வத்தைக் கொள்ளையிட்ட குற்றத்துக்குத் தண்டனை பெற்று, பின்பு மன்னிக்கப்பட்டார். விஜயகாந்தை வீழ்த்தியது அத்தகைய குற்றம் அன்று. பொறுமையிழந்த சொல்லும், கூட்டணிக் கணக்குகளின் பிழையும், நலிந்த உடலுமே அவரைத் தாழ்த்தின.

பிரியமானவர்களே, இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. நோயினால் அவர் நாவு குழறியபோது, அதையே நகைச்சுவைப் படங்களாக்கிக் கைப்பேசிகளில் பரப்பினார்கள். 2023 டிசம்பர் 28-ஆம் நாள் அவர் மறைந்தபோதோ, சென்னைத் தீவுத்திடலில் பெருங்கூட்டம் கண்ணீருடன் திரண்டது. அன்று பலரும் நினைவுகூர்ந்தது அவர் வென்ற இடங்களையா? இல்லை. அவர் இட்ட சோற்றையே நினைவுகூர்ந்தார்கள். கோயம்பேட்டில் அவரது நினைவிடத்தில் அன்னதானம் இன்றும் தொடர்கிறது.

தன்னை வேட்டையாடிய சவுல் விழுந்தபோதும் தாவீது மகிழவில்லை; ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதான். உயர்ந்தவனைப் போற்றுவது எல்லாருக்கும் எளிது. தாழ்ந்தவனை இகழாதிருப்பதே கடினம். இறந்தபின் சிந்தும் கண்ணீரில் ஒரு துளியளவு இரக்கத்தை, அவர் உயிரோடிருந்து தடுமாறிய நாட்களில் காட்டியிருக்கலாகாதா?

உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கக்கூடும். நேற்றுவரை ஊரே வணங்கியவர். இன்று பதவியும் பொருளும் உடல்நலமும் இழந்து திண்ணையில் தனித்திருப்பவர். இந்த வாரம் அவர் வீட்டு வாசலுக்குச் செல்லுங்கள். அவருடன் அமர்ந்து ஒருவேளை உணவு உண்ணுங்கள்.