கொடிப்பாறையும் கோப்பி மலையும்



ஊவா மலைநாட்டில், லுணுகலையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்பது நெடுங்காலம் பிறர் வாயிலாகக் கேட்டறிந்த பொருளாகவே இருந்தது. எங்கள் கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் மலையும் பச்சையுமே. ஆயினும், எங்கள் மலையின் தலைவிதியில் ஒரு பங்கை எழுதிய இடம் தொலைவிலுள்ள ஒரு கடல்முனை என்பதை நூல்களில் படித்த நாள்முதல், அதை ஒருமுறை நேரில் காணவேண்டும் என்ற ஆவல் என்னை விட்டு நீங்கவில்லை. பசறை, பதுளை வழியாக மலையிறங்கி, வெல்லவாயாவின் வெயிலைக் கடந்து, அம்பாந்தோட்டை, மாத்தறை ஆகிய ஊர்களைத் தாண்டி, காலிக் கோட்டையை ஒரு மாலைப் பொழுதில் அடைந்தேன்.

கோட்டைக்குள் புகுந்து தெற்கு நோக்கி நடந்தால், நிலம் முடிந்து நீர் தொடங்கும் இடத்தில் ஒரு பாறை முனை நிற்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் கொடிப்பாறை எனலாம். போர்த்துக்கேயர் அங்கே ஒரு கொத்தளம் வைத்திருந்தனர். 1640ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலியைக் கைப்பற்றினர். காலித் துறைமுகம் பார்வைக்கு அழகியது; ஆனால், அதன் வாயிலில் நீருக்கடியில் மறைந்து கிடக்கும் பாறைகள் பல. வழி தெரியாது வரும் கப்பல் அவற்றில் மோதினால் பிழைப்பது அரிது. ஆகவே, வரும் கப்பல்களுக்கு இந்த முனையிலிருந்து கொடிகாட்டி எச்சரித்தார்கள். அருகிலுள்ள புறாத்தீவு என்னும் சிறு திட்டிலிருந்து துப்பாக்கி வேட்டு ஒலியும் எழுப்பினார்களாம். கண்ணுக்குக் கொடி, காதுக்கு வேட்டு. 1796இல் காலி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1848இல் இங்கே வெளிச்சவீடும் எழுந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலி கீழைத்தேசக் கடல்வழிகளின் சந்தியாக விளங்கியது. ஐரோப்பாவின் தபாலையும் பயணிகளையும் சுமந்துவந்த நீராவிக் கப்பல்கள் முதலில் காலியையே நாடின. கப்பலோடு செய்தியும் வந்தது. செய்தியுள் வணிகர்கள் மிக ஆவலோடு எதிர்பார்த்தது ஒன்று உண்டு: இலண்டன் சந்தையில் கோப்பியின் விலை.

கொழும்பிலிருந்த 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை, 1850ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தது. காலியில் கப்பல் கொண்டுவந்த செய்தியின் சுருக்கத்தைப் புறாக்களின் காலில் கட்டிக் கொழும்புக்குப் பறக்கவிட்டது. குதிரைத் தபால் வண்டி எழுபது மைலுக்கு மேற்பட்ட கரையோரப் பாதையைக் கடந்து வந்து சேருமுன்பே, புறா செய்தியை இறக்கிவிடும். 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி வந்தது. புறாக்கள் ஓய்வு பெற்றன. ஆக, கடலிலிருந்து மலைக்கு வரும் செய்திக்குக் கொடி இருந்தது, புறா இருந்தது, பின்னர் கம்பியும் இருந்தது.

மலையிலிருந்து கடலுக்குச் சென்ற ஒரு செய்தியைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

1869ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் லுணுகலைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமையில், கோப்பிச் செடியின் இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறப் பொட்டுகள் தோன்றின. தொட்டால் விரலில் தூளாக ஒட்டும். சில நாளில் இலை உதிரும். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அதிபராயிருந்த துவைற்ஸ் என்பவர் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்கிலி என்னும் பூசண நிபுணர், இது உலகம் முன்பு அறியாத ஒரு பூசணம் என்று கண்டு, அவ்வாண்டிலேயே அதற்கு 'எமிலேயா வாசுதாத்திரிக்சு' எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்குப் பாழாக்குவது என்று பொருள். துவைற்ஸ், இந்நோய் பெருங்கேடு விளைக்கும் என்று எச்சரித்தார்.

கொடி ஏற்றப்பட்டுவிட்டது. ஆனால், கப்பல் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை? 1870இல் இலங்கை பத்துக் கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட கோப்பியை ஏற்றுமதி செய்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் ஏக்கருக்குக் கிடைத்த விளைவு படிப்படியாகக் குறைந்தது. சந்தையில் விலையோ உயர்ந்தது. உயர்ந்த விலை குறைந்த விளைவை மறைத்தது. துரைமார் மேலும் காடழித்து மேலும் கோப்பி நட்டார்கள். தந்தி கொண்டுவந்த விலையை நம்பினார்களேயன்றி, கண்முன் உதிர்ந்த இலையை நம்பவில்லை. 1880இல் மார்சல் வார்டு என்னும் இளம் விஞ்ஞானி வந்து, இந்நோயின் வித்துக்கள் காற்றில் பரவும் முறையை விளக்கினார். மலைமலையாகக் கோப்பி ஒன்றையே நட்டிருந்ததால் காற்றுக்குத் தடையே இல்லை. 1884 மே மாதத்தில், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. கோப்பி யுகம் முடிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது.

காலிக்கும் அதே காலத்தில் இறங்குமுகம். 1875 திசம்பரில் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு முதற் கல் நாட்டப்பட்டது. 1885இல் அது முற்றுப்பெற்றது. கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கொடிப்பாறை வேலையற்று நின்றது.

ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்தியது. கொடியிலும் புறாவிலும் தந்தியிலும் வந்த செய்தி வணிகருக்கும் துரைமாருக்கும் உரியது. தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலையேறி, கோப்பிப் பழம் பறித்த நம் முன்னோருக்கு எந்தக் கொடியும் காட்டப்படவில்லை. கோப்பி வீழ்ந்தது என்பதை அவர்கள் பெயரேட்டிலிருந்து தம் பெயர் நீங்கிய நாளிலே அறிந்தார்கள்.

இது பழங்கதை என்று தள்ளிவிடலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது; அங்கிருந்த பலர் மண்ணுள் மறைந்தனர். அம்மலை ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால், எச்சரிக்கப்பட்டவர்கள் போய்க் குடியேற வேறு நிலம் உரிய காலத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கொடிப்பாறையில் நின்று அலைகளை நோக்கியபோது எனக்குப் புலப்பட்டது இதுவே. கொடி காட்டுவது பாதி வேலை. காட்டிய கொடியைக் காண்பவன் தன் கலத்தைத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு அவனுக்கு ஆழமான நீரும் இருக்க வேண்டும். 1869இல் கொடியைக் கண்டவர்களுக்கு இடம் இருந்தது, மனம் இல்லை. 2014இல் மனம் இருந்தவர்களுக்கு இடம் இல்லை.

அந்தி சாய்ந்தது. வெளிச்சவீட்டின் ஒளி நீர்மேல் விழுந்தது. மறுநாள் மலையேறி ஊர் வந்து சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. வழக்கமாக மழையைக் கண்டு மகிழ்பவன், அன்று லயங்களுக்கு மேலே நின்ற மலைச்சரிவை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தேன்.