வேலூர் – சேலம் வானூர்தி நிலையங்களுக்கு இடையிலான தொலைவு

வேலூர் வானூர்தி நிலையத்திற்கும் சேலம் வானூர்தி நிலையத்திற்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 166 கி.மீ. (சுமார் 90 கடல் மைல்) ஆகும். இவ்விரு நிலையங்களும் தமிழ்நாட்டின் வட, வடமேற்கு மாவட்டங்களில் அமைந்துள்ளன. இவற்றை இணைக்கும் கோடு சவ்வாது மலையின் (ஜவ்வாது மலை) மேற்குப் பகுதியைக் கடந்து செல்கிறது.

நிலையங்கள்

வேலூர் நிலையம் நகருக்கு அருகில் அப்துல்லாபுரத்தில் உள்ளது. இந்திய அரசின் உடான் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. எனினும் 2024 வரை பயணிகள் சேவை தொடங்கப்படவில்லை. இதன் ஓடுபாதை 1000 மீட்டருக்கும் குறைவான நீளமுடையது. ஆகவே சிறிய வானூர்திகளுக்கே ஏற்றது.

சேலம் நிலையம் ஓமலூருக்கு அருகில் காமலாபுரத்தில் உள்ளது. இது 1993இல் திறக்கப்பட்டது. இதன் ஓடுபாதை சுமார் 1800 மீட்டர் நீளமுடையது. இங்கு சேவைகள் பலமுறை நின்று, 2009, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் தொடங்கின.

கணக்கிடும் முறை

வேலூர் நிலையம் வடக்கு 12.91°, கிழக்கு 79.07° இலும், சேலம் நிலையம் வடக்கு 11.78°, கிழக்கு 78.07° இலும் உள்ளன. ஒரு பாகை அகலாங்கு சுமார் 111.2 கி.மீ. ஆகும். இப்பகுதியில் ஒரு பாகை நெட்டாங்கு சுமார் 108.6 கி.மீ. ஆகும். எனவே வடக்கு–தெற்கு வேறுபாடு 125.7 கி.மீ., கிழக்கு–மேற்கு வேறுபாடு 108.6 கி.மீ. பிதாகரசு தேற்றத்தின்படி தொலைவு 166 கி.மீ. எனக் கிடைக்கிறது. குறுகிய தொலைவுக்கு இம்முறை போதுமானது. நெடுந்தொலைவுகளுக்குப் புவியின் வளைவைக் கருத்திற்கொண்டு பெருவட்டத் தொலைவு கணக்கிடப்பட வேண்டும்.

பயண நேரம்

ஏடிஆர் 72 போன்ற சுழலி வானூர்தி மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அவ்வேகத்தில் 166 கி.மீ. தொலைவை 20 நிமிடங்களில் கடக்கலாம். ஆனால் தரையில் ஊர்தல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றைச் சேர்த்தால் சுமார் 40 நிமிடங்கள் ஆகும். வேலூரில் இயங்கக்கூடிய சிறிய வானூர்திகளின் வேகம் இதனினும் குறைவு. ஒரு மணி நேரம் முன்னதாக நிலையத்தை அடைதல், காமலாபுரத்திலிருந்து சேலம் நகருக்குச் செல்லும் சுமார் 20 கி.மீ. சாலைப் பயணம் முதலியவற்றையும் கூட்டினால், நேரடிச் சேவை இருந்தாலும் மொத்தப் பயணம் இரண்டரை மணி நேரத்தை நெருங்கும்.

தொடர்வண்டிப் பாதை மலையைச் சுற்றிச் செல்கிறது. காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஆம்பூர், வாணியம்பாடி, சோலையார்பேட்டை ஆகியவற்றைக் கடந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிச் சேலத்தை அடைகிறது. இத்தொலைவு 204 கி.மீ. விரைவுத் தொடர்வண்டிகள் இதை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கடக்கின்றன. ஆகவே வான்வழியால் மிச்சமாகும் நேரம் மிகக் குறைவு. கிருட்டிணகிரி, தருமபுரி வழியான சாலைத் தொலைவு 200 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகும்.

சவ்வாது மலையில்

இந்நேர்கோட்டிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. இங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கிவைக்கப்பட்டது. நகர விளக்கொளியிலிருந்து விலகியிருப்பது இவ்விடத்தின் முக்கியச் சிறப்பாகும்.

காவலூரிலிருந்து வேலூர் வானூர்தி நிலையம் நேர்கோட்டில் 45 கி.மீ. மட்டுமே. ஆனால் மலையிறங்கி ஆலங்காயம், வாணியம்பாடி வழியாகச் சென்றால் இத்தொலைவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. மலைவாழ் மக்களின் பயண நேரத்தைத் தீர்மானிப்பது வான்வழித் தொலைவு அன்று. மலைச்சாலையும் பேருந்து வசதியுமே ஆகும்.