மேசையும் பேச்சும்

உரையாடல் நிலைத்து நிற்பதற்கு நாவன்மையே காரணம் என்பது பண்டிதர் பலரது எண்ணம். சொல்நயமும் பொருள்நயமும் உள்ளவர் பேசினால் கேட்போர் தாமே கட்டுண்டிருப்பர் என்பது அவர் கருத்து. ஆனால் ஒருவர் பேசப் பலர் கேட்டிருப்பது பிரசங்கம்; ஒருவர் ஏவ மற்றவர் பணிவது அதிகாரம். கேட்பவர் மறுமொழி கூறும் உரிமை பெற்றிருக்கும் இடத்திலேதான் உரையாடல் பிறக்கின்றது. அவ்வுரிமையைத் தருவது எது? பதினேழாம் நூற்றாண்டின் இலண்டன் கோப்பிக்கடைகளின் வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை காணலாம்.

1649 இல் ஆங்கிலேயர் தம் அரசன் முதலாம் சாள்சின் தலையை வெட்டினர். மன்னனும் பிரபுக்கள் சபையும் இல்லாத அக்காலத்திலே, 1652 அளவில், பாஸ்குவா றோசே என்பவர் இலண்டனில் முதலாவது கோப்பிக்கடையைத் திறந்தார். அவர் துருக்கியுடன் வாணிபம் செய்த ஆங்கில வணிகர் ஒருவரின் பணியாளராக வந்தவர். மதுச்சாலையிலே நேரம் செல்லச் செல்ல அறிவு மங்கும். கோப்பிக்கடையிலோ தெளிவு நீடிக்கும். ஒரு பெனி கொடுத்தால் கோப்பியும், நீண்ட மேசையில் ஓர் இடமும், அங்கு கிடக்கும் செய்தித்தாள்களும் கிடைத்தன.

1674 இல் அச்சிடப்பட்ட கோப்பிக்கடை விதிகள் சில இன்றும் உள்ளன. செய்யுள் வடிவில், சற்று நகைச்சுவையுடன் அமைந்தவை அவை. எனினும் அவற்றின் உட்கிடை தெளிவானது. வருபவர் காலியான இடத்தில் அமரலாம்; உயர்ந்தோர் வந்தாரென எவரும் எழுந்து இடங்கொடுக்க வேண்டியதில்லை. சண்டையைத் தொடங்கியவர் அங்கிருப்போர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை கோப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும். முன்பின் அறியாதவர் முகம் நோக்கிப் பேசுவதற்கு வேண்டிய இரண்டு நிபந்தனைகளை இவ்விதிகளிலே நாம் காண்கிறோம். ஒன்று சம இருக்கை. மற்றொன்று கருத்து மாறுபாடு பகையாகாமற் காக்கும் கட்டுப்பாடு.

இவற்றை மிகத் தெளிவாக உணர்ந்தவர் ஜேம்ஸ் ஹரிங்டன். ஆட்சியதிகாரம் நிலவுடைமையின் வழியே செல்லும் என்று 1656 இல் எழுதிய அரசியற் சிந்தனையாளர் அவர். 1659 இல், வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை முற்றத்தருகே இருந்த மைல்ஸ் என்பவரின் கோப்பிக்கடையில் அவரும் நண்பர்களும் 'றோட்டா' என்னும் கழகத்தை நடத்தினர. அதற்கெனவே நீள்வட்ட மேசையொன்று செய்யப்பட்டது. அதன் நடுவிலிருந்த வழியிலே கடைக்காரர் நின்று கோப்பி வழங்குவார். சுற்றியிருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பர். விவாத முடிவிலே பெட்டியில் இரகசிய வாக்கிடுவர். தன் வாக்குக்கும் எண்ணிக்கை உண்டு என்று அறிந்தவன் பிறர் சொல்லையும் ஊன்றிக் கேட்கிறான். மன்னராட்சி மீளும் வேளையில், 1660 இன் தொடக்கத்திலே, அக்கழகம் கலைந்தது. மறு ஆண்டு ஹரிங்டன் சிறைப்பட்டார்.

சம இருக்கையின் ஆபத்தை அரசு அறியாமலில்லை. 1675 டிசம்பர் 29 ஆந் திகதி இரண்டாம் சாள்ஸ் கோப்பிக்கடைகளை மூடும்படி பிரகடனம் செய்தான். அங்கே அரசை இழிவுபடுத்தும் பொய்ச்செய்திகள் பரவுகின்றன என்பதே அவன் கூறிய காரணம். எதிர்ப்போ பெரிதாயிற்று, தடை நடைமுறைக்கு வருமுன்னரே, சனவரி 8 ஆந் திகதி, ஆணை பின்வாங்கப்பட்டது.

ஆயினும் இக்கடைகளை நாம் பொற்காலமாகப் போற்றுதல் தவறாகும். பெண்கள் அங்கே பணி செய்தனர், சிலர் கடையும் நடத்தினர்; ஆனால் விவாத மேசையில் அவர்களுக்கு இடமிருந்ததாகக் கூறுவதற்கில்லை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொணருமாறு வந்த விளம்பரங்களிலே கோப்பிக்கடைகளின் முகவரிகள் காணப்படுகின்றன. லொயிட்ஸ் கடை காப்புறுதி வணிகத்தின் தலைமையிடமாயிற்று. ஜொனதன் கடையின் தரகர்கள் 1773 இல் தமக்கெனத் தனிக்கட்டடம் அமைத்துப் பங்குச்சந்தையை வளர்த்தனர். வேறு சில கடைகள் அங்கத்தவர் மட்டுமே நுழையும் கழகங்களாயின. எழுச்சிக் காலத்திலே எல்லோரையும் மேசைக்கு அழைத்த வர்க்கம், செல்வம் சேர்ந்ததும் கதவை அடைத்துக்கொண்டது.

இவ்வரலாறு எமக்குத் தூரத்துக் கதையன்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே தாழ்த்தப்பட்ட மக்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கு வேறு பாத்திரம் வைக்கப்பட்டது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதனைத் தடைசெய்தது. சட்டம் வந்தும் வழக்கம் உடனே மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தோடு வேகம்பெற்ற போராட்டங்களிலே ஆலயக் கதவைப் போலவே தேநீர்க்கடை வாங்கும் போர்க்களமாயிற்று. ஒரு கோப்பைத் தேநீருக்காகவா இத்தனை போராட்டம் என்று அன்று ஏளனஞ் செய்தோர் உண்டு. வாங்கில் அமரும் உரிமை, பேசவும் மறுக்கவும் உள்ள உரிமையே என்பதை அவர்கள் உணரவில்லை.

நண்பர்களே, பேசும் கலையை மாணவருக்குக் கற்பிக்க முற்படும் நாம் முதலில் இருக்கைகளை நோக்குவோம். எவர் அமர்ந்திருக்கிறார், எவர் நிற்கிறார், எவர் வாசலிலேயே நின்றுவிட்டார் என்று பார்ப்போம். அவரையும் அழைத்து அமர்த்திய பின்னரே உரையாடல் தொடங்கும்.